ரப்பர் கையில் இருந்த துளைகள்

அக்கா போன பிறகும் அவளுடைய எண் ஏறிக்கொண்டிருக்கிறது.

ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு இணையத்தில் ஆளுக்கொரு பக்கம் உண்டு. பெயர், வேலை பார்க்கும் கல்லூரி, எழுதிய கட்டுரைகளின் வரிசை, ஒவ்வொரு கட்டுரைக்கும் எதிரே ஓர் எண். வேறு யாராவது தங்கள் கட்டுரையில் அதை மேற்கோள் காட்டினால் எண்ணில் ஒன்று கூடும். எழுதியவர் இருக்கிறாரா போய்விட்டாரா என்பது அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. அக்காவின் பக்கத்தில் அவள் படம் இன்னும் இருக்கிறது. யாரோ கூப்பிட்டதும் பாதியில் திரும்பிப் பார்த்தவள் போன்ற முகம். அவளை நிறுத்திப் படம் எடுத்ததே பெரிய விஷயம்.

வரிசையில் முதலில் நிற்கும் கட்டுரையின் எண் பெரியது. அது ஏறியிருந்தால் சட்டென்று கீழே தள்ளிவிடுவேன். கடைசியில் அதே கட்டுரைக்கு ஒரு பக்க அளவில் ஒரு திருத்தம் நிற்கிறது. அதன் எதிரே இத்தனை நாளும் ஒன்றுமே இல்லை. நான் பக்கத்தைத் திறப்பது அந்தக் கடைசி வரியைப் பார்க்கத்தான்.

அக்கா முதலில் வார்டு நர்ஸ். காலில் சக்கரம் கட்டிவிட்டது போல நடப்பாள். வீட்டுக்கு வந்தாலும் உட்கார மாட்டாள். டீயை நின்றுகொண்டே குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. யாரைப் பார்த்தாலும் அவள் கண் முகத்துக்குப் போகாது, முழங்கை மடிப்புக்குப் போகும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும் கைகளைப் பார்த்து என் காதில் சொல்வாள்: "அந்த நீலச் சட்டைக்காரர் நரம்பப் பாருடா. குருடன்கூட ஊசி போட்டுடலாம்." அத்தானை முதல் தடவை பார்த்துவிட்டு வந்த அன்று மாப்பிள்ளை எப்படி என்று கேட்டோம். உயரமா, குள்ளமா, சிவப்பா, கறுப்பா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. "நல்ல நரம்பு. அவசரத்துக்கு ஆகும்" என்றாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அத்தான் இதைக் கேள்விப்பட்டு, கல்யாணத்துக்குப் பிறகு ரொம்ப காலம் முழுக்கைச் சட்டையே போட்டுக்கொண்டு அவளை வெறுப்பேற்றினார்.

வேலை பார்த்துக்கொண்டே மேலே மேலே படித்து செவிலியர் கல்லூரியில் ஆசிரியரானாள். டிரிப்ஸ் ஏற்றக் கையில் ஊசிக்குழாய் போடுவதை மாணவிகளுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் அவள் வேலை, அவள் ஆய்வு, அவள் பைத்தியம். மாணவிகள் அவளுக்கு வைத்த பெயர் ஊசி மேடம். அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

அந்தப் பயிற்சிக்கூடத்தை நான் பார்த்திருக்கிறேன். நீள மேசை. அதன் மேல் தோளோடு வெட்டி எடுத்தது போல ஒரு ரப்பர் கை. உள்ளே குழாய்களில் சிவப்புத் தண்ணீர் ஓடும். மேலே கையுறை போலக் கழற்றி மாட்டக்கூடிய தோல். ஊசி சரியாக நரம்பில் இறங்கினால் சிவப்புத் தண்ணீர் பின்னால் ஏறி வரும். வராவிட்டால் தப்பு. மனிதக் கை போல அது வலி என்று கத்தாது, கையை உதறாது.

அக்காவைப் பெரிய ஆளாக்கிய கட்டுரை இந்தக் கையைப் பற்றியதுதான். ஒரு வகுப்பு மாணவிகளை இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதி ரப்பர் கையில் மட்டும் பழகியது. மறுபாதி வார்டில், மூத்த நர்ஸ் பக்கத்தில் நிற்க, நோயாளிகளிடம் பழகியது. கடைசியில் எல்லோருக்கும் பரீட்சை. நோயாளியைக் குத்திப் பரீட்சை வைக்க முடியாது என்பதால் அதையும் ரப்பர் கையில் வைத்தாள். முதல் குத்திலேயே சிவப்புத் தண்ணீர் வருகிறதா? ரப்பர் கையில் பழகியவர்கள் வெளுத்து வாங்கினார்கள். வார்டில் பழகியவர்கள் திணறினார்கள். ரப்பர் கையே நன்றாகக் கற்றுக்கொடுக்கிறது, வார்டு நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று அக்கா முடிவு எழுதினாள்.

அது பிய்த்துக்கொண்டு போனது. எங்கெங்கோ இருந்த கல்லூரிகள் அந்தக் கட்டுரையைக் காட்டி ரப்பர் கைகளை வாங்கி, வார்டு நேரத்தை வெட்டின. மாணவிகளை வார்டுக்கு அனுப்புவது எந்தக் கல்லூரிக்குமே தலைவலிதான். வண்டி வேண்டும், கூட ஆள் வேண்டும், வார்டு சிஸ்டர்களின் முகச்சுளிப்பைத் தாங்க வேண்டும். அனுப்பாமல் இருக்க அக்கா நல்ல காரணம் கொடுத்துவிட்டாள். அவள் கல்லூரியில் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். கல்லூரி விளம்பரத் தாளில் அவள் மேற்கோள் எண்ணைக் கட்டம் கட்டிப் போட்டார்கள். எண் ஏறும்போதெல்லாம் அக்கா மாடியில் இருக்கும் எனக்குக் கீழிருந்தே குரல் கொடுப்பாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கடைத் தராசுகளைச் சோதிக்கும் உத்தியோகத்தில் இருக்கும் எனக்கு அப்படி ஊர் ஊராக மதிப்பு வந்ததில்லை. நான் போனால் கடைக்காரர்கள் ஷட்டரைத்தான் பாதி இறக்குவார்கள்.

பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் வர இருந்தது. அதற்கு எண் முக்கியம். அக்காவிடம் எண் இருந்தது. முதல்வர் உட்பட எல்லோரும் அந்த நாற்காலியில் அவளை உட்கார வைத்தே பேச ஆரம்பித்திருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ரப்பர் கை ஒழுகியது.

வெளியிலிருந்து யாரோ பார்வையிட வருவதால் ஒழுகும் பழைய தோலைக் கழற்றிவிட்டுப் புதுத் தோல் மாட்டியிருந்தார்கள். வந்தவர்கள் முன்னால் வகுப்பின் கெட்டிக்கார மாணவியை அக்கா அழைத்தாள். அந்தப் பெண் ஊசியை எடுத்துக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். அவள் கண்கள் தோலின் மேல் அங்கும் இங்கும் அலைந்தன. குத்தினாள், வரவில்லை. மறுபடி குத்தினாள், வரவில்லை. அடுத்த மாணவிக்கும் அதே கதி. வந்தவர்கள் நல்லவர்கள், பிள்ளைகளுக்குப் பயம் என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. அவர்கள் போனதும் குப்பைக்கூடையிலிருந்து பழைய தோலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நரம்பு ஓடும் இடத்தில், தையல் போட்டுப் பிரித்த துணி போல, வரிசையாகப் பொடித் துளைகள். வகுப்பு வகுப்பாகக் குத்திய துளைகள். தூரத்தில் நின்றால் தெரியாது. மூக்கு தோலைத் தொடுமளவுக்குக் குனிந்தால் தெரியும். மாணவிகள் அப்படித்தானே குனிவார்கள்.

ஆய்வு நடந்தபோதும் அதே தோல்தான். ரப்பர் கையில் பழகியவர்கள் நரம்பைத் தேடக் கற்றுக்கொள்ளவில்லை, துளையைத் தேடக் கற்றுக்கொண்டிருந்தார்கள். பரீட்சையிலும் துளையைத் தேடிக் குத்தினார்கள். வார்டிலிருந்து வந்தவர்களோ விரலால் நரம்பைத் தடவித் தேடினார்கள். குத்திக் குத்தித் தொய்ந்துபோன பழைய ரப்பரில் விரலுக்கு என்ன கிடைக்கும்? அவர்கள் தோற்றார்கள். பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டிருந்த அக்கா சிவப்புத் தண்ணீர் வருகிறதா என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர்கள் கண் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை.

தோலை மாற்றாமல் வைத்திருந்ததும் அவள்தான். பஞ்சுகூடச் சமயத்துக்குக் கிடைக்காத வார்டில் வேலை பார்த்து வந்தவளுக்கு, ஒழுகாத ஒரு பொருளைத் தூக்கிப் போட மனம் வராது. "இன்னும் ஒரு வருஷம் தாங்கும்" என்று ஒவ்வொரு தடவையும் துடைத்துப் பவுடர் போட்டு வைத்தது அவள் கைதான்.

அன்று சாயங்காலம் அந்தத் தோலைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். என் மேசையில் விரித்துப் போட்டாள்.

"இத விளக்குக்கு நேரா பிடிச்சுப் பாருடா."

பார்த்தேன். அவள் நின்றபடியே முழுக்கதையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள்.

"உன் பாஷையில சொல்லணும்னா, கடைக்காரன் தராச அவன் கல்ல வச்சே சோதிச்சிருக்கேன்" என்றாள்.

என் வேலையில் அப்படிச் செய்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதைச் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போவாள். தெருவில் பேசிக்கொண்டிருக்கும்போதே திரும்பி நடப்பாள். முன்பு எண் ஏறினால் குரல் கொடுத்தவள், இப்போது ஏறினால் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். ஒவ்வொரு மேற்கோளும் இன்னொரு கல்லூரி, இன்னொரு வகுப்பு. வார்டைப் பார்க்காமல் வேலைக்கு வரும் இன்னும் சில பெண்கள், அவர்களிடம் கையை நீட்டப்போகிறவர்கள். அவளுக்கு எண் அப்படித்தான் தெரிந்தது.

கட்டுரை தப்பு என்று இதழுக்கு எழுதப் போவதாக முதல்வரிடம் சொன்னாள். முதல்வர் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு நிதானமாகப் பேசினாராம். அக்கா அதை எங்களுக்கு நடித்தே காட்டினாள்.

"மேடம், தப்புன்னு யாராவது கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல மேடம்."

"அப்ப நீங்களா எதுக்குப் போய் தலையக் கொடுக்கறீங்க? நேர்காணல் முடியட்டும். அப்புறம் நிதானமா எழுதுங்க. நான் என்ன வேணாம்னா சொல்றேன்?"

அதில் நியாயம் இருப்பதாக அத்தானுக்குப் பட்டது. எனக்கும் பட்டது. அத்தான் அன்று கடையிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து அவளுக்கு எடுத்துச் சொன்னார். அவருடைய எல்லா நியாயமும் கண்ணாடிக் கடையிலிருந்துதான் வரும்.

"தப்பான பவர் போட்ட கண்ணாடி திரும்பி வந்தா மாத்திக் கொடுக்கறேன். வராத கண்ணாடியத் தேடிட்டு வீடு வீடாவா போக முடியும்?"

அக்கா அவரைப் பார்த்தாள். "போகணும்ங்க. அவங்க எங்கயாவது படியில விழுந்துட்டு இருப்பாங்க."

அத்தான் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அவள் காத்திருக்கவில்லை. ஆனால் துளைகளைக் காட்டினால் மட்டும் போதாது, மறுபடி செய்து காட்ட வேண்டும் என்றாள். ஆளுக்கொரு புதுத் தோல் கேட்டுக் கல்லூரியில் மல்லுக்கு நின்றாள். ரப்பர் கைக்குத் தினமும் புதுச் சட்டை போடும் ஒரே ஆள் ஊசி மேடம்தான் என்று ஆசிரியர் அறையில் கேலி பேசினார்கள். யாரும் தொடாத தோலில் பரீட்சை வைத்தபோது முடிவு தலைகீழாக வந்தது. வார்டில் பழகியவர்கள் தடுமாறினாலும் கண்டுபிடித்தார்கள். ரப்பர் கையில் மட்டும் பழகியவர்கள், இல்லாத துளையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

திருத்தம் எழுதினாள். இதழிலிருந்து பதில் வர மாதங்கள் ஆயின. பழைய கட்டுரையையே நீக்கிவிடும்படி கேட்டாள். ஏமாற்று வேலை நடந்திருந்தால் நீக்குவோம், இது நேர்மையான பிழை, திருத்தம் போதும் என்று எழுதினார்கள். ஆக, பழைய கட்டுரை அதன் இடத்திலேயே நின்றது. திருத்தம் வேறொரு மூலையில் வந்தது. கட்டுரையைப் படிப்பவர்கள் திருத்தத்தைத் தேடிப் போவதில்லை. நிறையப் பேர் கட்டுரையைக்கூட முழுதாகப் படிப்பதில்லை, முடிவை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை அக்கா அப்போதுதான் கண்டுபிடித்தாள். அவள் எழுதாததை எல்லாம் அவள் சொன்னதாகப் போட்டிருந்தார்கள்.

நேர்காணலில் அந்தத் திருத்தத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். நாற்காலி பக்கத்து அறை மேடத்துக்குப் போனது. அன்று வீட்டுக்கு வந்து, "உக்காரத் தெரியாதவளுக்கு நாற்காலி எதுக்கு?" என்று தானே சிரித்துக்கொண்டாள். பிறகு மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். அவள் வெகு நேரம் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

மறுநாளிலிருந்து கடிதம் எழுத ஆரம்பித்தாள். பழைய கட்டுரையை யார் மேற்கோள் காட்டினாலும் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல். அவளே அமைத்துக்கொண்ட சில வரிகள்: வணக்கம், நீங்கள் எடுத்துக்காட்டிய கட்டுரை என்னுடையது, அதன் முடிவு தவறு, காரணம் இது, திருத்தம் இதோ இணைப்பில், உங்கள் மாணவிகளை வார்டுக்கு அனுப்புங்கள். சிலர் நன்றி என்று எழுதினார்கள். பலர் பதிலே போடவில்லை. ஒருவர், தங்கள் கட்டுரையைப் பாராட்டி எழுதியவருக்கே இப்படியா எழுதுவது என்று கோபித்துக்கொண்டார். "என்னை என்கிட்டயே விட்டுக்கொடுக்க மாட்டேங்கறாருடா" என்றாள் அக்கா.

நோய் வந்தபோதும் எழுதிக்கொண்டுதான் இருந்தாள். வயிற்றில் வந்த நோய். மருந்து ஏற்றி ஏற்றி, எல்லோருடைய நரம்பையும் எடை போட்டவளின் நரம்புகள் உள்ளே போய் ஒளிந்துகொண்டன. ஒரு நாள் காலை புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி வந்தாள். அக்காவின் முழங்கை மடிப்பைக் குனிந்து குனிந்து பார்த்தாள். குத்தினாள், கிடைக்கவில்லை. இன்னோர் இடத்தில் குத்தினாள், கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணின் மூக்கு நுனி வேர்த்தது. நான் வேறு யாரையாவது கூப்பிடலாம் என்று எழுந்தேன். அக்கா கண்ணாலேயே என்னை உட்காரச் சொன்னாள்.

"எதுலம்மா பழகின?"

"ரப்பர் கையில மேடம். அதுல நான்தான் ஃபர்ஸ்ட்" என்றாள் அந்தப் பெண். அழுதுவிடுவாள் போலிருந்தது.

"வார்டுக்கு அனுப்பலையா?"

"கொஞ்ச நாள்தான் மேடம். பாத்துட்டு நின்னோம்."

அக்கா அந்தக் கையை மடித்துக்கொண்டாள். பிறகு இன்னொரு கையை நீட்டினாள். "கண்ண மூடு. பார்க்காதே. விரல வை. இன்னும் மேல. அமுக்காதே, சும்மா தொடு. ஏதோ பந்து மாதிரி எம்புதா?"

"எம்புது மேடம்."

"அதான். அதத் தொலைச்சிடாதே. இப்பக் கண்ணத் திற."

கிடைத்தது. அந்தப் பெண் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு வேகமாகப் போனாள். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"பாத்தியாடா? என் கட்டுரை நடந்து வந்து என்னையே குத்துது."

நான் போர்வையை இழுத்துவிட்டேன்.

"அந்தப் பொண்ணு எந்தக் காலேஜ்னு கேட்டுட்டு வா. அவங்களுக்கு எழுதினோமான்னு பாக்கணும்."

போய்க் கேட்டு வந்தேன். எழுதியிருக்கவில்லை. படுத்தபடியே அவள் சொல்லச் சொல்ல நான் தட்டி அனுப்பினேன். அதுதான் அவள் அனுப்பிய கடைசிக் கடிதம். அந்தக் கல்லூரியிலிருந்து இதுவரை பதில் இல்லை.

அவள் போன பிறகு அத்தான் வீட்டில் தங்குவதே இல்லை, எந்நேரமும் கடைதான். நானும் தராசுகளோடு தெருத்தெருவாக அலைகிறேன். எங்கே இருந்தாலும் கை தானாகக் கைபேசியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறக்கிறது. முதல் எண் ஏறுகிறது, கடைசி எண் அப்படியே இருக்கிறது. அவள் அவ்வளவு ஓடியது யாருக்கும் கேட்கவில்லையோ என்று நினைத்தால் நின்ற இடத்தில் நிற்க முடிவதில்லை.

இன்று மதியம் திறந்தபோது கடைசி வரியின் எதிரே ஒன்று என்று இருந்தது.

பழக்கடைத் தராசை அப்படியே விட்டுவிட்டு ஓரமாகப் போய் அந்தப் புதுக் கட்டுரையைத் திறந்தேன். எங்கோ ஒரு கல்லூரி, முன்பின் தெரியாத பெயர்கள். செய்முறை சொல்லும் பகுதியில் இரண்டே வரி. முந்தைய ஆய்வின் பிழை காரணமாக, ஒவ்வொரு மாணவிக்கும் துளையில்லாத புதுத் தோல் மாட்டப்பட்டது. தேர்வுக்கு முன் அனைவரும் வார்டில் பயிற்சி பெற்றனர். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அக்காவின் பெயர். அவ்வளவுதான். பாராட்டு இல்லை, விளக்கம் இல்லை. நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பழக்கடைக்காரர், சார் ஏதாவது கெட்ட செய்தியா என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். அத்தான் ஒரு சட்டத்தில் கண்ணாடியை அழுத்திப் பொருத்திக்கொண்டிருந்தார். கைபேசியை நீட்டினேன். வாங்கி, கையை நீட்டித் தள்ளி வைத்துப் படித்தார். ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவருக்குத் தன் பவரை மாற்ற நேரமில்லை.

"இதுக்கு ஒண்ணு கூடுமா?"

"கூடியிருக்கு அத்தான்."

மறுபடி படித்தார். திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டே கேட்டார். "அந்தப் பழசு?"

எனக்குச் சொல்ல விருப்பமில்லை. "அதுவும் ஏறியிருக்கு. ரெண்டு."

அத்தான் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடியை மறுபடி கையில் எடுத்தார்.

"அப்ப அந்த ரெண்டு பேருக்கு எழுது."

அதற்காகத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் இதை எழுதிவிட்டேன். அவள் வைத்திருந்த வரிகள் அப்படியே இருக்கின்றன. இரண்டு முகவரிகளையும் கண்டுபிடித்துவிட்டேன். எதையும் மாற்ற வேண்டியதில்லை, ஓரிடத்தைத் தவிர. நீங்கள் எடுத்துக்காட்டிய கட்டுரை என்னுடையது என்று அவள் எழுதியிருக்கிறாள். அங்கே மட்டும், என் அக்காவுடையது.